உரக்கிடங்கு என்று ஏன் பெயர் வந்தது?



சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில், நம் வாசலில் குப்பை எடுக்க வந்த அக்காவின் உள்ளங்கையைக் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. யாரோ உடைந்த டம்ளரை, மீந்துபோன சாம்பார் சாதத்தோடு ஒரே கவரில் கட்டிப் போட்டிருந்தார்கள். கீழே நின்ற இரண்டு பேர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணி கட்டி அனுப்பினார்கள். யார் வீட்டுக் கவர் என்று தேடுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அது என் வீட்டுக் கவராகவும் இருந்திருக்கலாம்.

அன்று அவரிடம், "இதெல்லாம் எங்கக்கா போகுது?" என்று கேட்டேன். "உரக்கிடங்குக்குத்தான்" என்றார். எத்தனையோ ஆண்டுகளாகக் காதில் விழும் சொல்தான். அன்றைக்குத்தான் உறைத்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான நகராட்சிகளில் குப்பை போய்ச் சேரும் இடத்துக்கு உரக்கிடங்கு என்றே பெயர். கிடங்கு என்றால் உபயோகமான பொருளைச் சேர்த்து வைக்கும் இடம். நெல்லுக்குக் கிடங்கு, பஞ்சுக்குக் கிடங்கு, அதுபோல உரத்துக்கு ஒரு கிடங்கு. டம்ளர் சில்லும் சாம்பார் சாதமும் பாலித்தீன் கவரும் கலந்த மூட்டையில் இருந்து எந்த உரம் வரும்?

இந்தப் பெயர் வேடிக்கைக்கு வைத்தது இல்லை. அதற்குப் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், நம் சங்கம் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த ஒரு வேலையை, அதாவது குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தருவதை, ஏன் கேட்கிறது என்பது விளங்கும்.

குப்பை அடித்த காலம்

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "குப்பை அடிக்கிறது" என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். மாட்டுவண்டியில் எருவை ஏற்றிப்போய் வயலில் கொட்டுவதற்கு நம் பக்கத்துப் பெயர் அது. விவசாயிக்குக் குப்பை என்றால் எரு. தொழுவத்துச் சாணம், மாடு தின்று மிச்சம் வைத்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்குழிக்குப் போயின. கோடையில் குழியை வெட்டி வயலுக்கு அடித்தார்கள். ஆட்டுக்காரர்களுக்குப் பணமோ நெல்லோ கொடுத்து வயலில் கிடை போடச் சொன்னார்கள். உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று திருவள்ளுவரே உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பிய பிறகு எருவின் தேவை இன்னும் கூடியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று இன்றும் செய்தித்தாளில் படிக்கிறோம் அல்லவா? ஆண்டுக்கு இரண்டு முறை விளைகிற மண்ணுக்கு இரண்டு முறை ஊட்டம் கொடுக்க வேண்டும். அந்த நாளில் தெருவில் கிடக்கும் சாணத்தைக்கூட யாராவது கூடையில் அள்ளிப் போனதற்கு அதுதான் காரணம்.

சமையலறையில் இருந்தும் வெளியே போனது கொஞ்சம்தான். அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் கழனித் தொட்டிக்கு. சாப்பிட்ட வாழையிலை மாட்டுக்கு. ஈயம், பித்தளை, பழைய இரும்பு எல்லாம் பேரீச்சம்பழக்காரரின் வண்டிக்கு. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய காகிதம் அடுப்பு பற்ற வைக்க உதவியது. எண்ணெய்க்குத் தூக்குச் சட்டி, சாமானுக்கு மஞ்சப்பை. எதை எதில் போடுவது என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்ததால், பிரித்து வைத்தார்கள்.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் சுத்தமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

எலி கொண்டுவந்த நோய்

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டே ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டு வந்தது. கொரோனா காலத்தில் 2020-இல் நாம் மறுபடியும் கேள்விப்பட்டோமே, அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம். 1898-இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக் எலியிடம் இருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்று கண்டு சொன்னார். பெரும்பாலானோர் அதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. எலி செத்தால் அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சி வேறு உடம்பைத் தேடும். அதனால்தான் வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்து தோட்டத்தில் குடிசை போட்டுத் தங்கினார்கள். கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தப் பெயரே அன்றைய பயத்துக்குச் சாட்சி.

பம்பாயும் கோயம்புத்தூரும் இருக்கட்டும். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த நம் கம்பம் பள்ளத்தாக்கும் பிளேக் திரும்பத் திரும்ப வந்த பகுதிகளில் ஒன்று. எவ்வளவு தூரம் என்றால், இதற்கென்றே இங்கு ஆய்வு நடந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் முடிவுகளை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். பிளேக் பற்றிய உலகளாவிய நூல்களில் "கம்பம் பள்ளத்தாக்கு" என்ற பெயர் இடம்பெற்றது அப்படித்தான். திராட்சைக்கும் ஏலக்காய்ச் சந்தைக்கும் பெயர் வாங்கிய நம் ஊர்ப் பக்கம், ஒரு காலத்தில் எலித் தெள்ளுப்பூச்சிக்கும் பெயர் வாங்கியிருக்கிறது.

எலிக்கு என்ன வேண்டும்? தானியம், சாப்பாட்டு மிச்சம், ஒளிந்துகொள்ள ஒரு மூலை. நெல்லும் சோளமும் வீட்டுக்குள்ளேயே குதிரில் இருந்த ஊர்களில் முதலாவதுக்குக் குறைவில்லை. ஊர் பெருகப் பெருக மற்ற இரண்டும் கூடின. கிராமத்தில் வீட்டுக்குப் பின்னால் எருக்குழிக்கு இடம் இருந்தது. கடைவீதிக்காரருக்கும் ஒண்டுக்குடித்தனக்காரருக்கும் மாடும் இல்லை, குழியும் இல்லை. அவர்கள் குப்பையைத் தெருவில் போட்டார்கள். அன்று அவர்களுக்கு இருந்த அதே சிக்கல்தான் இன்று நான்காவது மாடியில் குடியிருக்கும் நமக்கும்.

நகராட்சி ஒரு விவசாயியாக மாறியது

தெருக் குப்பையை அள்ளும் பொறுப்பு நகராட்சிகளுக்கு வந்தது இப்படித்தான். நம் பக்கத்தில் பெரியகுளம் 1886-லேயே நகராட்சி ஆனது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தெருக் கூட்டுவதையும் குப்பை அகற்றுவதையும் நகராட்சியின் கடமையாக வைத்தது. மாட்டுவண்டியில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டினார்கள். கொட்டியதை என்ன செய்வது?

அதற்கு விடை இரண்டு ஆராய்ச்சி நிலையங்களில் இருந்து வந்தது. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேலை பார்த்தார். நம் விவசாயிகள் செய்வதையும், சீன விவசாயிகளைப் பற்றிப் படித்ததையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தார். செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, காற்றுப் படும்படி புரட்டிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும். இந்தூர் முறை என்று உலகம் முழுவதும் பரவியது. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றும் ஹோவார்ட் பெயரைச் சொல்வார்கள். அவரோ இந்திய விவசாயிகளைத் தன் ஆசிரியர்கள் என்று சொன்னவர்.

அடுத்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா 1939 வாக்கில் இதை ஊர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். நீளக் குழி வெட்டி, ஊர்க் குப்பையையும் மலக் கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் மூடிவிட வேண்டும். புரட்டத் தேவையில்லை. உள்ளே எழும் சூடு கிருமிகளைக் கொல்லும். சில மாதங்களில் குழியை வெட்டினால் எரு. இதற்குப் பெங்களூர் முறை என்று பெயர். 1940-களில் உணவுப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தோடு சேர்த்து நகராட்சிகள் எரு தயாரிப்பதை அரசு ஊக்குவித்தது. எரு வண்டிக் கணக்கில் விவசாயிகளுக்கு விற்கப்பட்டது. நகராட்சிக் கணக்கில் குப்பை வரவாகவும் இருந்தது.

உரக்கிடங்கு என்ற பெயரின் பொருள் இதுதான். ஊர் சாப்பிட்டதன் மிச்சத்தை நகராட்சி சேர்த்து, எருவாக்கி, சோறு போட்ட வயலுக்கே திருப்பி அனுப்பியது.

இந்தக் கதையில் நாம் பெருமைப்பட முடியாத பக்கமும் ஒன்று உண்டு. அந்த மலக் கழிவை எடுப்புக் கக்கூஸில் இருந்து கையால் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் யார்? தமிழ்நாட்டு நகரங்களில் பெரும்பாலும் அருந்ததியர் மக்கள். அவர்கள் விரும்பி எடுத்த தொழில் இல்லை அது. சாதியின் பேரால் அவர்கள் மேல் சுமத்தியது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அதைக் கடுமையாக்கிய அடுத்த சட்டம் 2013-இல். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 2020-இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் நாம் கலந்து கட்டிய மூட்டையை இன்றும் ஒருவர் கையால்தான் பிரிக்கிறார். அந்த அக்காவின் கை கிழிந்தது 1940-இல் இல்லை, இந்த ஆண்டில், நம் வாசலில்.

ஒரு கவர் செய்த வேலை

எருக்குழியின் பகைவன் பாலித்தீன். பாலித்தீனை 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். இன்று நாம் "கேரி பேக்" என்று சொல்லும் கைப்பிடி வைத்த பைக்கு 1965-இல் சுவீடன் நிறுவனம் ஒன்று காப்புரிமை வாங்கியது. அதை வடிவமைத்தவர் ஸ்டென் துலின். பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்றுதான் அவர் நினைத்தார் என்று அவர் மகன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாம் அப்படிப் பயன்படுத்தவில்லை. 1980-களிலும் 90-களிலும் அது நம் கடைவீதிகளுக்கு வந்து, மஞ்சப்பையையும் தூக்குச் சட்டியையும் வீட்டுக்குள் தள்ளியது.

கவரால் வந்த பெரிய கேடு, அது மக்காமல் கிடப்பது மட்டும் இல்லை. மக்கும் பொருளையும் மக்கவிடாமல் கட்டி வைத்தது. வாழைப்பழத் தோலைத் தனியாக மண்ணில் போட்டால் சில வாரங்களில் மண்ணாகிவிடும். அதையே கவருக்குள் முடிச்சுப் போட்டுக் குவியலில் எறிந்தால், காற்றில்லாமல் அழுகி, சாராய நெடி அடித்து, மீத்தேன் வாயுவை வெளியிடும். தீப்பிடிப்பது அதனால்தான். குவியலில் பேட்டரியும் டியூப்லைட்டும் சேர்ந்தால் எருவில் நஞ்சும் சேரும். கண்ணாடித் துண்டும் ஊசியும் இருக்கிற எருவை எந்த விவசாயி வாங்கி வயலில் போட்டு, வெறுங்காலோடு நாற்று நடுவார்? வாங்குவதை நிறுத்தினார்கள். எரு விற்காததால் நகராட்சிகள் குழி வெட்டுவதையும் நிறுத்தின. கிடங்கில் உரம் போய் குப்பை மலையானது. பலகையில் பெயர் மட்டும் நின்றது.

கவனியுங்கள். உரக்கிடங்கு கெட்டது உரக்கிடங்கில் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில், இரண்டு பாத்திரத்துக்குப் பதில் ஒரே கவர் வந்த நாளில்.

தெருவில் இருந்து தொடங்கியவர்கள்

இதைச் சரிசெய்யப் புறப்பட்டவர்களில் நம்மைப் போன்ற குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். 1989-இல் சென்னையில் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி எக்ஸ்னோரா அமைப்பைத் தொடங்கினார். அவர் செய்தது எளிய ஏற்பாடு. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மூன்று சக்கர வண்டி வாங்குவார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்த ஒருவரையே மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை எடுக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சிறு தொகை வசூல் செய்து சம்பளம் கொடுப்பார்கள். அவருக்குத் தெருவை அழகுபடுத்துகிறவர் என்று பெயர் கொடுத்தார்கள். சென்னையின் பல நூறு தெருக்களில் இப்படி நடந்தது. இன்று வீட்டு வாசலுக்கு வண்டி வந்து குப்பை எடுப்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. நகராட்சிகள் அதைச் செய்வதற்கு முன்பே தெருச் சங்கங்கள் செய்து காட்டின.

சென்னையை அடுத்த பம்மலில் 1994-இல் மங்களம் பாலசுப்பிரமணியன் என்ற குடும்பத் தலைவி, அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே போனார். குப்பையை எடுப்பதோடு நிற்காமல், மக்குவதைத் தனியாகப் பிரித்து மண்புழு உரம் போட்டார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது முகச்சுளிப்புதான். உரம் கிடைக்கத் தொடங்கிய பிறகு மற்ற தெருக்களும் கேட்டன. பிற்பாடு பம்மல் நகராட்சியே அவர்களோடு சேர்ந்தது. பெயர் மட்டும் மிஞ்சியிருந்த உரக்கிடங்கை ஒரு தெருப் பெண்கள் உண்மையிலேயே மீட்டார்கள் என்று சொல்லலாம்.

அதே 1994-இல், செப்டம்பர் மாதம், குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் வந்தது. பிளேக் என்பது தாத்தா காலத்துக் கதை என்று நாடு நினைத்திருந்த நேரம். வெள்ளம் வடிந்த பிறகு அள்ளாமல் கிடந்த குப்பையும் செத்த கால்நடைகளும் எலியும் சேர்ந்த ஊர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊரை விட்டு ஓடினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வு வெளியாகி அறுபது ஆண்டு கழித்து, எலி மறுபடியும் நமக்குப் பாடம் நடத்தியது. அடுத்த ஆண்டு சூரத்தின் ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், அதிகாரிகளை அறையை விட்டுத் தெருவுக்கு அனுப்பினார். குப்பையை அன்றன்றே அள்ள வைத்தார். குப்பை போட்ட கடைகளுக்கு அபராதம் போட்டார். இரண்டே ஆண்டில் அந்த ஊர் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. முடியாத வேலை இல்லை என்பதற்குச் சூரத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சட்டம் நம் வாசலுக்கு வந்தது

பெங்களூருக்கு வெளியே குடியிருந்த அல்மித்ரா படேல் என்ற பொறியாளர், தன் வீட்டுப் பக்கச் சாலையோரத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டுவதைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கியவர். சூரத் பிளேக்குக்குப் பிறகு எக்ஸ்னோராவைச் சேர்ந்த கேப்டன் வேலுவோடு பல நகரங்களுக்குப் பயணம் செய்து குப்பை எங்கே போகிறது என்று பார்த்தார். எங்கும் ஒரே காட்சி: ஊருக்கு வெளியே திறந்தவெளியில் குவியல். 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றம் ஒரு நிபுணர் குழு அமைத்தது. அதன் பயனாக 2000-இல் நாட்டின் முதல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகச் சேகரிக்க வேண்டும், மக்கும் குப்பையை எருவாக்க வேண்டும், வெறுமனே கொட்டக் கூடாது என்று அவை சொன்னன.

அந்த விதிகளில் பொறுப்பின் பெரும்பகுதி நகராட்சியின் தலையில் இருந்தது. நகராட்சி வண்டிகள் வந்தன, தொட்டிகள் வந்தன. மூட்டை மட்டும் பழைய மூட்டையாகவே இருந்தது. கலந்த குப்பையை எத்தனை இயந்திரம் வைத்துச் சலித்தாலும் சுத்தமான எரு கிடைக்கவில்லை. எனவே 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் நேரே நம்மிடம் வந்தன. குப்பையை உண்டாக்குகிறவரே அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொன்னன. குடியிருப்போர் நலச் சங்கங்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் முடிந்தவரை மக்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே எருவாக்க வேண்டும் என்றன. அதாவது, நான்காவது மாடிக்காரருக்கும் ஓர் எருக்குழி வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம். நகராட்சிகள் பெரிய கிடங்கை மட்டும் நம்பாமல் வார்டுகளுக்கு அருகிலேயே நுண் உரமாக்கும் மையங்களை அமைத்தன. வேலூரில் சி. சீனிவாசன் போன்றவர்கள் வழிகாட்ட, வார்டு வார்டாகப் பிரித்து எருவாக்கும் முறை பேர் பெற்றது. கும்பகோணம் போன்ற ஊர்களில் பழைய குப்பை மலையைச் சலித்துப் பிரித்து நிலத்தையே மீட்டார்கள். இத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான். பிரித்து வந்த குப்பை எரு ஆகிறது. கலந்து வந்த குப்பை மலை ஆகிறது.

இனி நம் வளாகம்

2011 கணக்கெடுப்பில் தேனி அல்லிநகரம் நகராட்சியில் ஏறத்தாழ 94,000 பேர். இன்று நம்மைப் போன்ற அடுக்குமாடிகள் கூடியிருக்கின்றன. நம் ஊர்களின் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக் கூடியது. அதை நாம் வளாகத்திலேயே வைத்துக்கொண்டால், வாசலுக்கு வரும் வண்டியின் சுமை பாதியாகக் குறையும். நாற்றம் அடிப்பதும் ஈ மொய்ப்பதும் எலி வருவதும் அந்தப் பாதியால்தான். மீதிப் பாதி காகிதம், அட்டை, கழுவிய பால் கவர், பாட்டில். பழைய பேப்பர் கடைக்காரரே எடை போட்டு வாங்குவார், அல்லது வண்டிக்கார அக்கா கை அழுக்காகாமல் எடுத்துப் போவார்.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வாய்க்காலில் விழுகிற கவர் மழையில் ஆற்றுக்குப் போகும். கொட்டகுடி ஆறும் முல்லையாறும் வைகையில் சேர்கின்றன. வைகை அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகப் போகிறது. மேலே இருக்கிற கம்பத்துக்காரர்கள் போடுவது நமக்கு வருகிறது, நாம் போடுவது மதுரைக்குப் போகிறது. மதுரையில் நம் பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறார்கள்.

நல்ல பக்கமும் உண்டு. சுற்றி இருப்பது திராட்சையும் வாழையும் தென்னையும் நெல்லும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரர்கள் தொழு உரத்தை லோடு கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கண்ணாடியும் கவரும் இல்லாத எருவை வேண்டாம் என்று சொல்ல இங்கே ஆள் கிடையாது. பெரிய நகரத்துக் குடியிருப்புகளுக்கு இல்லாத வசதி இது. நம் மொட்டை மாடியில் நின்றால் நம் எருவுக்குப் பசித்த வயல் கண்ணுக்குத் தெரிகிறது.

வரும் பொதுக்குழுவில் பின்பக்கச் சுவர் ஓரம் இரண்டு எருத் தொட்டி கட்டுவது பற்றிப் பேச இருக்கிறோம். ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கிக்கொண்டிருக்கும். காய்கறித் தோலுக்கு மேல் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ ஒரு அடுக்கு, லேசான ஈரம், வாரம் ஒரு முறை கிளறல். ஹோவார்ட் சொன்னது அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தால் நாற்றம் வராது. வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் கொஞ்சம் சருகு போட வேண்டும். நாற்றம் வருமே என்று தயங்குகிறவர்கள் பொதுக்குழுவுக்குக் கட்டாயம் வந்து அதைச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களின் பேச்சுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும்.

தொட்டி கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில. இன்றைக்கே வீட்டில் இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று மக்குவதற்கு, ஒன்று மக்காததற்கு. மக்குவதைக் கவரில் கட்டாமல் அப்படியே கொட்டுங்கள். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மருந்து ஆகியவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து மாதம் ஒரு முறை கொடுத்தால் போதும்.

இன்னொன்று. கண்ணாடி உடைந்தால் பதற்றத்தில் கையில் கிடைத்த கவரில் போடாதீர்கள். செய்தித்தாளில் நான்கு சுற்று சுற்றி, ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே பேனாவால் "கண்ணாடி" என்று எழுதி, அந்த அக்காவின் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். அவர் கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.